தானியேலின் பருப்பும் ஒரு சகோதரியின் எண்ணெய்ச்சட்டியும்

தியானப் பகுதி: தானியேல் 1:8-16, ரோமர் 14:13-21



இந்த வாரத் தியானம் சமையலறையிலிருந்து வருகிறது. பிரசங்க பீடத்தில் நின்று நான் செய்த ஒரு தவற்றை உங்கள் முன் மீண்டும் அறிக்கையிடுவது இதன் முதல் நோக்கம். எண்ணெயைக் குறைத்து வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு நல்ல சிற்றுண்டியை உங்களுக்குச் சொல்வது இரண்டாவது நோக்கம். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகளாக இருப்பதால் பிரித்து எழுத இயலவில்லை. பொறுமையோடு வாசியுங்கள்.

கடந்த ஜனவரியில் நம் ஆலய வளாகத்தில் நடந்த மருத்துவ முகாமில் நானும் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தேன். சபையாருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்றுதான் கொடுத்தேன். எனக்கு ஏதேனும் இருக்கும் என்று எண்ணவில்லை. முடிவு வந்தபோது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி 8.2 என்றிருந்தது. மருத்துவர் என் முகத்தைப் பார்த்து, “ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை வீடு சந்திக்கிறீர்கள்?” என்று கேட்டார். ஐந்து அல்லது ஆறு என்றேன். “ஒவ்வொரு வீட்டிலும் என்ன கொடுக்கிறார்கள்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை.

உங்களுக்குத் தெரியும். வீடு சந்திக்க வரும் போதகருக்குச் சர்க்கரை போட்ட தேநீரும் இரண்டு வடையும் வைப்பது நம் ஊரின் அன்பு. வேண்டாம் என்றால் மனம் நோகும். ஏழை வீட்டில் மறுத்தால் இன்னும் அதிகம் நோகும். அந்த அன்பை நான் பல ஆண்டுகள் குறைவின்றி உண்டேன். என் நிலை தனி நிலையும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர். 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் நம் தெருக்களில் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அரசாங்கம் வீட்டு வாசலுக்கு வர வேண்டிய அளவுக்கு நோய் பெருகியிருக்கிறது. நம் சபையிலேயே கால்விரலை இழந்த சகோதரரை நான் மருத்துவமனையில் சந்தித்து ஜெபித்திருக்கிறேன். கண்பார்வை மங்கியபின் வேதாகமத்தை மகள் வாசிக்கக் கேட்கும் தாயாரும் நம்மிடையே இருக்கிறார்.

இவையெல்லாம் மனத்தில் அழுத்த, லெந்து காலத்தின் முதல் ஞாயிறன்று நான் பிரசங்கித்தேன். 1 கொரிந்தியர் 6:19-ஐ எடுத்துக்கொண்டு, சரீரம் பரிசுத்த ஆவியானவர் தங்கும் ஆலயம் என்பதை விளக்கினேன். பின்னர் குரலை உயர்த்தினேன். கறுத்த எண்ணெயில் பொரித்த வடையை அந்த ஆலயத்துக்குள் கொண்டுபோகிறோமே என்றேன். மாலை நான்கு மணிக்கு வடைக்கடை முன் கூடி நிற்கும் கூட்டத்தைக் கேலியாகச் சித்திரித்தேன். சபையார் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரிக்கவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அன்று மதியம் சாப்பிடும்போது என் துணைவியார் அமைதியாகக் கேட்டார்: “வடைக்கடையைப் பற்றிப் பேசினீங்களே, நம்ம சபையில வடைக்கடை வச்சிருக்கிறது யாருன்னு யோசிச்சீங்களா?” உண்டது தொண்டையில் நின்றது.

அந்தச் சகோதரியின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கணவரை இழந்து, தள்ளுவண்டியில் வடை போட்டு, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஸ்தோத்திரப் பண்டிகைக்குத் தவறாமல் காணிக்கை படைப்பவர். அசனத்தன்று விடியுமுன்னே வந்து அடுப்படியில் நிற்பவர். ஆயிரம் பேர் முன்னிலையில், அவர் பிழைக்கும் தொழிலை நான் நகைப்புக்குரியதாக்கியிருந்தேன்.

மறுநாள் மாலை அவர் வண்டியருகே சென்றேன். விசைத்தறியிலிருந்து வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். பஞ்சு ஒட்டிய சட்டையோடு ஒரு கையில் தேநீரும் மறு கையில் வடையுமாக நின்ற அவர்களுக்கு, அதுதான் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே கிடைக்கும் உணவு. கூட்டம் குறையும்வரை காத்திருந்தேன். அவர் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு, “உக்காருங்க ஐயா” என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டியில் மிதந்த வடைகளைத் திருப்பியபடியே சொன்னார்:

“நீங்க சொன்னது தப்பில்ல ஐயா. எண்ணெய் கறுத்தா ஆகாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா தெனமும் புது எண்ணெய் ஊத்துனா எனக்கு என்ன மிஞ்சும்? இத நீங்க எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்லா.”

அந்தச் சொற்களுக்கு நான் பதில் தேடவில்லை, தேடினாலும் கிடைத்திராது. அதற்கடுத்த ஞாயிறு, எந்த இடத்திலிருந்து காயப்படுத்தினேனோ அந்த இடத்திலிருந்தே, பெயர் குறிப்பிடாமல் மன்னிப்புக் கேட்டேன். அன்று அவர் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தார்.

அன்பானவர்களே, அதன்பின் நான் அந்த வேதவசனத்தை மீண்டும் எடுத்து அதன் சூழமைவோடு வாசித்தேன். பவுல் அப்போஸ்தலன் அங்கே பேசுவது வேசித்தனத்தைக் குறித்து. சரீரத்தைப் பேண வேண்டும் என்ற விரிந்த பொருளை அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் எண்ணெய்ச்சட்டியை வைத்து ஓர் ஏழைச் சகோதரியைக் குற்றப்படுத்த அதில் இடமில்லை. உணவு வயிற்றுக்குள் போகிறதேயன்றி இருதயத்தைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று நம் ஆண்டவர் மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் போதித்திருக்கிறார். ரோமர் 14-இலோ, நாம் உண்ணும் உணவினிமித்தம் சகோதரன் துக்கப்படுவானானால் அங்கே அன்பு இல்லை என்று எச்சரிக்கப்படுகிறோம். அந்த அதிகாரத்தை நான் எப்பொழுதும் பிறருக்குப் போதித்தேன். உண்பதாலல்ல, உண்ணக் கூடாதென்று பேசியதால் ஒரு சகோதரியைத் துக்கப்படுத்தியபோதுதான் அது எனக்காகவும் எழுதப்பட்டது என்று உணர்ந்தேன்.

இனி ஃபலாஃபெல் இந்தக் கதைக்குள் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

தமிழக அரசின் நிதியுதவியோடு எருசலேம் புனிதப் பயணம் சென்றுவந்த நம் சபைப் பெரியவர் ஒருவர், அந்நாட்டில் தாம் உண்டதைப் பற்றி அடிக்கடி சொல்வார். “ஐயா, அங்கேயும் நம்ம பருப்பு வடைதான். ரொட்டிக்குள்ள வச்சுத் தாராங்க” என்பது அவர் சாட்சி. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் வாலிபர்களுக்கும் அது பழக்கமான உணவு. பெரியவர் சொன்னது பெரும்பாலும் சரியே. நாம் மசால் வடைக்கு ஊறவைக்கும் கடலைப்பருப்பு, கறுப்புக் கொண்டைக்கடலையைத் தோல் நீக்கி உடைத்ததுதான். ஃபலாஃபெல் செய்யப்படுவது வெள்ளைக் கொண்டைக்கடலையில். இரண்டும் ஒரே பயிரின் இரு வகைகள். உலகில் விளையும் கொண்டைக்கடலையில் பெரும்பகுதி நம் இந்தியாவில்தான் விளைகிறது.

எகிப்தில் இதையே வேறொரு அவரை வகைப் பருப்பில் செய்து ‘தஅமியா’ என்று அழைக்கிறார்கள். அங்குள்ள கோப்திக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 200 நாட்களுக்கும் மேலாக இறைச்சி, பால், முட்டை முதலியவற்றை விலக்கி உபவாசம் காப்பவர்கள். அந்த நாட்களுக்கென்று அவர்களே இந்த உணவைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு செய்தி வழங்குகிறது. அதற்கு உறுதியான சான்று கிடையாது; ஆயினும் அவர்களுடைய உபவாச நாட்களில் இன்றும் இதற்கு இடமுண்டு. பருப்பு வேதாகமத்துக்கும் அந்நியமானதன்று. அப்சலோமுக்குத் தப்பி வனாந்தரத்தில் களைத்திருந்த தாவீதுக்கும் அவனோடிருந்தவர்களுக்கும் பர்சிலாவும் மற்றவர்களும் கொண்டுவந்த பொருள்களில் பருப்பு வகைகள் இருந்ததை 2 சாமுவேல் 17-இல் காண்கிறோம். ஏசா தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றதும் பயற்றங்கூழுக்காகத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை லெந்து கூட்டத்துக்கு இதைச் செய்து பார்க்கலாம் என்று என் துணைவியார் சொன்னார். பொரிக்காமல் குழிப்பணியாரச் சட்டியில் சுடுவது என்று முடிவாயிற்று. முதல் முயற்சியில் கொண்டைக்கடலையைக் குக்கரில் வேக வைத்து அரைத்தோம். உருண்டை சட்டியில் ஒட்டிக்கொண்டு களியாயிற்று. நான் தயக்கத்தோடு அந்தச் சகோதரியை அழைத்து யோசனை கேட்டேன். அவர் பாத்திரத்துக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“யாராவது வடைக்குப் பருப்ப வேக வச்சு ஆட்டுவாங்களா, அம்மா?”

அன்று அந்தச் சமையலறையில் அவர் ஆசிரியராகவும் நாங்கள் மாணவர்களாகவும் இருந்தோம். ஃபலாஃபெல் என்ற சொல்லையே அவர் அன்றுதான் கேட்டார். ஆனால் அதன் இரகசியம் இருபது ஆண்டுகளாக அவர் விரல்களில் இருந்திருக்கிறது. ஊறவைத்த கடலையைப் பச்சையாகவே அரைக்க வேண்டும். அப்பொழுதுதான் மாவுச்சத்து சூட்டில் இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். வெந்த கடலையில் அந்தப் பிடிப்பு ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும்.

செய்முறை

250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை முந்தின இரவே நிறையத் தண்ணீரில் ஊறவையுங்கள். 12 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் விரைவில் நுரைத்துப் புளிக்கும். ஆகையால் இடையில் இருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஊறியபின் கடலை ஏறக்குறைய இரண்டு மடங்கு எடைக்கு வரும். வடிகட்டி, பருத்தித் துணியில் பரப்பி, ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் மிகுந்தால் உருண்டை உடையும்.

இரண்டு கைப்பிடி கொத்தமல்லித் தழை, ஒரு கைப்பிடி புதினா, 100 கிராம் சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய் ஆகியவற்றைக் கடலையோடு சேர்த்து, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி அரையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் விட வேண்டாம். மாவு ரவையைவிடச் சற்றுப் பெருநறுக்காக இருக்கட்டும். கையில் அள்ளி அழுத்தினால் பிடிபட வேண்டும், அதுவே பதம். இரண்டு தேக்கரண்டி மல்லியும் ஒன்றரைத் தேக்கரண்டி சீரகமும் வறுத்துப் பொடித்தது, அரைத் தேக்கரண்டி மிளகுப்பொடி, ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை எள் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் குளிர்ந்த இடத்தில் மூடி வையுங்கள். சுடுவதற்குச் சற்று முன் கால் தேக்கரண்டி ஆப்பச் சோடா சேர்த்தால் உட்புறம் மிருதுவாக இருக்கும். மாவு உதிர்ந்தால் மட்டும் ஒரு மேசைக்கரண்டி கடலைமாவு தூவிக்கொள்ளலாம்.

பணியாரச் சட்டியை மிதமான சூட்டில் காயவைத்து, ஒவ்வொரு குழியிலும் கால் தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். சிறிய எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளை வைத்து இலேசாக அழுத்தி, மூடியிட்டு, தணலைக் குறைத்து ஐந்தாறு நிமிடம் விடுங்கள். பொன்னிறமானதும் திருப்பி மேலும் ஐந்து நிமிடம். இந்த இடத்தில் அவசரம் கூடாது. பச்சையாக அரைத்த பருப்பு நடுவரை நன்றாக வேக வேண்டும். வேகாத பருப்பு வயிற்றைக் கெடுக்கும். முதல் உருண்டையைப் பிட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை எடுங்கள். இந்த அளவுக்கு ஏறக்குறைய 24 உருண்டைகள் வரும். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதும்.

தொட்டுக்கொள்ள, நான்கு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை எண்ணெயின்றி வறுத்து, ஒரு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, சிறிது தண்ணீர் சேர்த்து வழுவழுப்பாக அரையுங்கள். எள் ஒவ்வாதவர்கள் பூண்டு தட்டிப் போட்ட தயிரை வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு மாவிலும் எள்ளைத் தவிர்த்துவிடுங்கள். மைதா ரொட்டிக்குப் பதிலாகக் கோதுமைச் சப்பாத்தியிலோ கம்பு ரொட்டியிலோ வெள்ளரி, தக்காளி, முட்டைக்கோஸ் நறுக்கி வைத்துச் சுருட்டிக்கொள்ளுங்கள். கம்பு நம் கரிசல் நிலத்தின் தானியம். அதற்கும் இதற்கும் நல்ல பொருத்தம்.

இதில் சரீரத்துக்கு என்ன நன்மை என்று கேட்பீர்கள். பொரிக்கும்போது மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேற, அந்த நுண்துளைகளில் எண்ணெய் குடியேறுகிறது. பொரித்த ஃபலாஃபெல் 100 கிராமில் ஏறக்குறைய 18 கிராம் கொழுப்பு இருக்கும். பணியாரச் சட்டியில் சுட்டால் அதில் பெரும்பங்கு குறைகிறது. கடலையின் புரதமும் நார்ச்சத்தும் குறையாமல் நிற்கின்றன. அவை பசியைத் தாங்குவதோடு சர்க்கரை இரத்தத்தில் மெதுவாக ஏறவும் உதவுகின்றன. ஆனாலும் கடலையில் மாவுச்சத்தும் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் நான்கைந்து உருண்டைகளோடு நிறுத்தி, அதை உணவின் ஒரு பங்காகக் கொள்ளுங்கள். வயிறு நிறைய உண்டபின் மேலும் வைக்கும் பலகாரமாக வேண்டாம். மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். கடலைப்பருப்பு மசால் வடை மாவையும் இதே சட்டியில் இதே முறையில் சுடலாம் என்பதைச் சகோதரி செய்து காட்டினார்.

எண்ணெயைக் குறித்தும் ஒரு சொல். மீண்டும் மீண்டும் காயும் எண்ணெய் சூட்டாலும் காற்றாலும் நீராலும் சிதைந்து, தீய சேர்மங்கள் அதில் பெருகுகின்றன. அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்திருக்கிறது. வீட்டில் அதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. எண்ணெய் கறுத்தாலும், பிசுபிசுத்தாலும், சீக்கிரம் புகைந்தாலும், மேலே நுரை கட்டி நின்றாலும், அதற்கு வயதாகிவிட்டது என்று அறியுங்கள். பண்டிகைக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயை மாதக்கணக்கில் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. வடைக்கடையைப் பார்த்து விரல் நீட்டிய எனக்கு, என் வீட்டு அலமாரியில் இருந்த தூக்குவாளி அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

இப்பொழுது தானியேலிடம் வருவோம்.

பாபிலோன் அரண்மனையில் இராஜபோஜனம் காத்திருக்க, தானியேலும் அவன் தோழர் மூவரும் பத்து நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கேட்டார்கள். நல்லுணவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பகுதியை எடுக்கிறோம். ஆனால் தானியேல் அதை எப்படிக் கேட்டான் என்பதை நான் இந்த லெந்து நாட்களில்தான் நின்று கவனித்தேன்.

முதலாவது, அவன் தன் இருதயத்தில் தீர்மானம் பண்ணினான். மற்றவர் தட்டைப் பார்த்துத் தீர்மானம் பண்ணவில்லை. அந்த மேசையில் உண்ட மற்ற வாலிபரை அவன் கடிந்துகொண்டதாக ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது, அவன் தயவாய் வேண்டிக்கொண்டான். சத்தியம் தன் பக்கம் இருக்கிறது என்பதற்காகக் குரலை உயர்த்தவில்லை.

மூன்றாவது, எதிரே இருந்தவனுடைய பயத்தை அவன் மதித்தான். இந்தப் பிள்ளைகள் மெலிந்துபோனால் இராஜா தன் தலையை வாங்கிவிடுவான் என்று அதிகாரி அஞ்சினான். அது அவன் பிழைப்பும் உயிருமாயிருந்தது. தானியேல் அதை அற்பமாக எண்ணவில்லை. பத்தே நாள் சோதித்துப் பாருங்கள், பின்பு கண்டபடி செய்யுங்கள் என்று, அவனுக்கு ஆபத்து நேராத ஒரு வழியைக் காட்டினான். நான் அந்தச் சகோதரியின் அச்சத்தைக் கேட்கவே இல்லை. தினமும் புது எண்ணெய் ஊற்றினால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு வழி காட்டாமல் நான் பண்ணிய பிரசங்கம் பாதிப் பிரசங்கமே.

எலிசாவிடம் கதறி வந்த விதவையை நினைத்துப் பாருங்கள் (2 இராஜாக்கள் 4:1-7). அவள் வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு குடம் எண்ணெய். தீர்க்கதரிசி அவளுக்குப் போதனை சொல்லி அனுப்பிவிடவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டான். பாத்திரங்களைத் தந்து உதவியவர்கள் அவளுடைய அயலகத்தார். அற்புதம் கர்த்தருடையது, ஆனால் எண்ணெயை வாங்கிக்கொள்ள வெறும் பாத்திரங்கள் அக்கம்பக்கத்திலிருந்து வர வேண்டியிருந்தது. நம் தெருவிலும் ஒரு சகோதரி ஒரு சட்டி எண்ணெயை நம்பிப் பிழைக்கிறார். அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய பாத்திரம் எது?

இதைக் கமிட்டியில் பேசினோம். லெந்து வெள்ளிக்கிழமைக் கூட்டங்களுக்கும் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களுக்கும் சிற்றுண்டியை அவரிடமே வாங்குவது என்றும், பணியாரச் சட்டியில் சுட்டதற்கும் புது எண்ணெய்க்கும் ஆகும் கூடுதல் விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பது என்றும் தீர்மானித்தோம். நல்ல உணவு வேண்டும் என்று விரும்புகிறவன் அதன் விலையையும் சுமக்க வேண்டும். அந்தப் பாரத்தை ஏழை வியாபாரியின் தோளில் மட்டும் வைத்துவிட்டு, ஆரோக்கியத்தைப் பற்றிப் போதிப்பது நியாயமன்று.

எல்லாம் நன்றாய் முடிந்தது என்று நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை. முதல் வெள்ளிக்கிழமை வாலிபர் பலர் இரண்டு உருண்டை உண்டுவிட்டு, வெளியே போய்ப் பஜ்ஜி தின்றார்கள். சகோதரி தம் வண்டியின் ஓரத்தில் இப்பொழுது ஒரு பணியாரச் சட்டியும் வைத்திருக்கிறார். அதில் சுட்டது அவர் பொரித்து விற்பதில் மிகச் சிறு பங்குதான் விற்கிறது. தறி வேலை முடித்து வருகிறவருக்குச் சட்டென்று வயிறு நிறைய வேண்டும். பொரித்த வடை விரைவாய்க் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் அவர் இன்னொன்றும் செய்திருக்கிறார். பெரிய சட்டியை மாற்றிச் சிறிய சட்டி வாங்கியிருக்கிறார். எண்ணெய் குறைவாக ஊற்றினால் அன்றன்றே தீர்ந்துவிடும், மறுநாளுக்கு மிஞ்சாது என்பது அவர் கணக்கு. அந்த யோசனை என்னுடையதும் அன்று, மருத்துவருடையதும் அன்று. ஆடித்தபசு நாட்களில் ஊரே நிறையும்போது அது தாங்குமா என்று கேட்டேன். “அப்ப பாத்துக்கிடலாம் ஐயா” என்றார்.

ஏப்ரல் மாத இறுதியில் என் சர்க்கரையை மீண்டும் பார்த்தேன். 7.1 ஆகக் குறைந்திருந்தது. இதை ஃபலாஃபெலின் அற்புதம் என்று யாரும் சாட்சி சொல்ல வேண்டாம். மாத்திரை உண்கிறேன். காலையில் இரயில் நிலையம் வரை நடக்கிறேன். வீடு சந்திக்கும்போது சர்க்கரையில்லாத் தேநீர் கேட்கக் கற்றுக்கொண்டேன். மருத்துவரும் மருந்தும் நடையும் கர்த்தர் தந்த ஈவுகள் என்றே எண்ணி ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்.

ஆகையால் சபையாரே, உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறேன். அடுத்த முறை நான் உங்கள் வீட்டுக்கு வரும்போது, என் பொருட்டு வருந்தாமல் ஒரு தம்ளர் மோரோ தண்ணீரோ கொடுங்கள். அதிலும் உங்கள் அன்பு குறையாது. உங்கள் வீட்டில் மகனோ மருமகளோ தாயாரோ உண்ணும் உணவைத் திருத்த விரும்பினால், முதலில் அவர்களோடு அடுப்படியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பேச்சு அதன்பின் வரட்டும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தம்மை மறுதலித்த பேதுருவிடம் கேள்வி கேட்குமுன், கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் பண்ணி, சாப்பிட அழைத்தார் (யோவான் 21:9-15). கேள்வி உணவுக்குப் பின்புதான் வந்தது. நான் அந்த ஒழுங்கை மாற்றிவிட்டேன். நீங்கள் மாற்றாதிருங்கள்.

ஜெபம்

எங்கள் அனுதின ஆகாரத்தைத் தருகிற பரம பிதாவே, நீர் தந்த சரீரத்தை அசட்டை பண்ணின எங்களை மன்னியும். எங்கள் நாவினால் காயப்பட்டவர்களை நீரே ஆற்றித் தேற்றும். வியாதியுள்ளோரின் தட்டிலும் கையிலும் சுகத்தை வையும். அடுப்பின் முன் நின்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருடைய உழைப்பை ஆசீர்வதியும். பிறருக்கு நலம் விரும்பும்போது அதன் செலவையும் சுமக்கும் மனதை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், ஆமென்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் இந்த வாரம் முழுவதும் காத்துக்கொள்வாராக.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் போதகர்,
சங்கரன்கோவில்